பூசைக்கு வைக்காத ஸ்பேனர்

அவர் சட்டைப்பையில் எப்போதும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருக்கும். மற்றவர்கள் பேனா வைக்கிற பை அது. இரும்பின் கனத்தில் பை தொங்கித் தொங்கித் தையல் விட்டுப்போக, அவர் மனைவி உள்ளே இன்னொரு துணி வைத்து அழுத்தித் தைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அது கூடவே வரும். சாவு வீட்டில் பிரேதத்தின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிவார். அது சிமெண்டுத் தரையில் விழுந்து சத்தம் போடும். அழுதுகொண்டிருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பதறாமல் எடுத்துத் துடைத்து மறுபடியும் பையில் போட்டுக்கொள்வார்.

ஆயுத பூசைக்கு ஷெட்டிலிருக்கிற சாமான் அத்தனையையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்குகிறவர், இந்த ஒன்றை மட்டும் சாமி முன்னால் வைக்க மாட்டார். தோட்டத்துக் கோயில் பூசாரி ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார்.

“என்னா பாஸ், சாமிக்கே ஒளிச்சு வைக்கிறீங்களா?”

“ஒளிக்கலிங்க. எல்லாருக்கும் தெரியத்தானே பையில வச்சிருக்கேன். ஒண்ணு கொறஞ்சா சாமி கோவிச்சுக்காதுங்க.”

அந்த ஸ்பேனர் அந்தப் பைக்குள் போனதற்கு நானும் ஒரு காரணம். அதை அவர் மனைவியிடம் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் றொசல்லைப் பக்கம் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. எங்கள் ஊர்களில் மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ். அதனால் அடையாளத்துக்கு ஒன்று முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். இவர் ‘பாத்துட்டு பாஸ்’. எதைக் கேட்டாலும் “பாத்துட்டு சொல்றேங்க” என்பதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வரும். பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார். அது அவருக்குக் கொள்கை இல்லை, பிறவிக் குணம்.

அவர் ஷெட் ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் செடிகள் முடிகிற இடத்தில் இருந்தது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தகரத்தால் அடித்த ஷெட். வானம் கறுத்துவரும்போது கொழுந்தெடுக்கிற பெண்கள் மேலே மலையிலிருந்து வேண்டுமென்றே சத்தம் போடுவார்கள்: “பாஸு, மழ வருமா?” அவர் வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, வானத்தை நாலு பக்கமும் பார்ப்பார். “இன்னும் தெரியலம்மா” என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிடும். மலை முழுக்கச் சிரிப்புக் கேட்கும். அவருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அடுத்த நாள் கேட்டாலும் அதே பதில்தான்.

அவரிடம் ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குப் பெண் கொடுக்க நினைத்து, பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பையன் எப்படி என்று கேட்டதற்கு, “வேலை நல்லா செய்வான். அத பாத்திருக்கேன். வீட்ல எப்படின்னு பாக்கலிங்க. ஒரு மாசம் டைம் குடுங்க” என்றிருக்கிறார். அவர்கள் பயந்துபோய் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். பையன் ஆறு மாதம் இவரோடு பேசவில்லை.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் மோட்டார் சைக்கிள் ஒருமுறை இவர் ஷெட்டில் நாலு நாள் நின்றது. காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க நடந்து போகவேண்டி வந்ததில் ஐயாவுக்கு மூக்குமேல் கோபம். “என்னாதான்யா அதுக்கு வருத்தம்?” என்று கத்தினார்; கோளாறை எங்கள் பக்கம் வருத்தம் என்பார்கள். “வருத்தம் இன்னும் தெரியலிங்க. எது வருத்தம் இல்லேன்னு மட்டும் மூணு தெரிஞ்சிருக்கு” என்றார் இவர். கடைசியில் ஒரு வயர் உள்ளுக்குள் அறுந்திருந்ததாம். புதுச் சாமான் ஒன்றும் போடவில்லை.

நான் இவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்து டீச்சர். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிப் பழகிய வாய். எனக்கு எல்லாம் அப்போதே நடக்க வேண்டும். பால் பொங்க நேரமானால் அடுப்பைத் திட்டுகிற ஜாதி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வேலைக்கு வந்து, சொந்தமாகப் பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு பொம்பளை கார் ஓட்டுவது அப்போது வேடிக்கை. கொஞ்ச நாளில் வேடிக்கை போய்த் தேவை வந்தது. யாருக்காவது நெஞ்சு வலித்தாலோ அட்டை கடித்து ரத்தம் நிற்காவிட்டாலோ என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மூன்று நாள் முன்பு கார் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் ஸ்டியரிங்கில் வைத்த கை கூசியது. முன்பக்கத்திலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். ஹட்டனில் ஒருவரிடம் காட்டினேன். காதை வைத்த மறுநிமிஷமே எஞ்சினை இறக்க வேண்டும் என்றார். பயந்துபோய் இவர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“அண்ணே, எஞ்சின் போயிருச்சாமே?”

“யாரு சொன்னா?”

“டவுன்ல.”

“பாத்துட்டு சொல்றேன் டீச்சர்.”

இரண்டு நாள் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றி ஓடவிட்டுக் கேட்டார். மறுபடியும் மாட்டிக் கேட்டார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர்களைக் கையால் ஆட்டிப் பார்த்தார். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ஒவ்வோர் இடமாக ஊன்றிக் கேட்டார். அப்போது அவர் மனைவிக்கு நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த முதல் பிள்ளை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஷெட்டுப் படியில் மெதுவாக இறங்கி வந்து இஞ்சித் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போவார். “ஒங்க காருக்கும் எனக்கும் யாருக்கு மொதல்ல பாத்துச் சொல்லுவாருன்னு தெரியல டீச்சர்” என்று என்னிடம் சிரித்தார். ஆணா பெண்ணா என்று அவரிடம் கேட்டால்கூட “பாத்துட்டு சொல்றேன்” என்கிறாராம்.

ஆயுத பூசையன்று காலை பத்து மணிக்கு நான் போனேன். அவர் டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். எஞ்சினின் முன்னால், கீழே, பெல்ட் ஓடுகிற கனமான இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. கிராங் புல்லி என்பார்கள். அதன் விளிம்பில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு எந்த இடத்துக்கு வரும்போது உள்ளே நெருப்புப் பொறி விழ வேண்டும் என்பது கணக்கு. அதை வைத்துத்தான் நேரம் சரிபார்ப்பார்கள்.

“மார்க்க பாத்தா பொறி ரொம்ப முந்தி விழுதுன்னு காட்டுது. ஆனா எஞ்சின் சத்தத்துல அப்படித் தெரியல டீச்சர். மார்க் ஒண்ணு சொல்லுது, எஞ்சின் ஒண்ணு சொல்லுது. பிளக்க கழட்டி, உள்ள கம்பிய விட்டு, பிஸ்டன் மேல வர்ற எடத்தக் கையால பாக்கணும். ஒரு மணித்தியாலம் குடுங்க.”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வீட்டில் மாலை வாங்கி வைத்திருந்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் கார் வந்து, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தாக வேண்டும். அவரும் ஆயுதத்தைப் பூசைக்கு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் கையால் தொடக் கூடாது. எங்கள் பக்கம் அதில் யாரும் விளையாட மாட்டார்கள்.

“மூணு நாளா பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? செஞ்சவன் போட்ட மார்க்கு பொய் சொல்லுமாண்ணே? அத வச்சுத் திருப்பி விடுங்க. பூசைக்கு நேரமாகுது. எல்லாத்துக்கும் ஒங்களுக்குப் பாத்துட்டுத்தான். இந்த ஒரு தடவ பாக்காம செஞ்சாத்தான் என்னா?”

இந்தச் சொற்களை நான் மாற்றாமல் எழுதுகிறேன். பதினைந்து வருஷமாக ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஷெட்டின் மூலையில் வாழையிலை விரித்து, கழுவின சாமான் பாதி அடுக்கியிருந்ததையும் பார்த்தார். பிறகு குனிந்து, பொறி விழும் நேரத்தை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, மார்க் சொன்னபடி பிந்தவிட்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினார். அந்த ஸ்பேனரைத் துடைத்து வாழையிலையில் வைத்தார்.

“நாளைக்கு காலைல ஆயுதம் எடுத்தொடனே கொண்டாங்க டீச்சர். பாத்துட்டு சொல்றேன்.”

ஷெட்டிலிருந்து என் வீட்டுக்கு மேடு இல்லாத பாதை. கார் நன்றாகத்தான் ஓடியது. நான் கழுவி, மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். காரின் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் நாலைந்து ஸ்பேனர் இருக்கும். அதையும் எடுத்து, ஆயுதம்தானே என்று, என் வீட்டுச் சாமி மாடத்தில் வைத்துப் பொட்டு வைத்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவர் ஓடிவந்தார். மனைவிக்கு வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு கிழமை முந்தி. ஆம்புலன்சுக்குப் பேசியிருந்தார், வேறு பக்கம் போயிருந்தது. சந்தியில் நிற்கிற ஆட்டோக்கள் எல்லாம் கோயிலடிக்குப் பூசைக்குப் போயிருந்தன. என் கார் மாலையோடு நின்றது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். பின் சீட்டில் அவர் மடியில் மனைவி தலைவைத்துப் படுத்திருந்தார்.

ஹட்டனுக்குப் பாதை ஏற்றம். இரண்டாவது வளைவிலேயே காருக்கு இழுவை இல்லை. முதல் கியருக்குப் போட்டேன், முனகியது. சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, மிக மெதுவாக: “டைமிங் பிந்திப்போச்சு.” அடுத்த வளைவில் ஆவி பொங்கி, பனிமூட்டத்தோடு கலந்து, முன்னால் ஒன்றும் தெரியாமல் போய் நின்றுவிட்டது.

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த ஒரு போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை விரலளவு முன்பிருந்த பக்கமே திருப்பிவிட்டால் கார் மேடு ஏறியிருக்கும்.

“ஸ்பேனர் குடுங்க டீச்சர். பன்னெண்டு.”

நான் டிக்கியைத் திறந்தேன். உறை இருந்த இடம் காலியாக இருந்தது. அவரிடம் திரும்பி வந்து, “பூசையில இருக்கு” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெறும் விரலால் அந்தப் போல்ட்டைத் திருப்பப் பார்த்தார். ரோட்டோரத்துக் கல்லை எடுத்துத் தட்டினார். காலையில் அவரே இறுக்கிய போல்ட் அது; நன்றாக இறுக்குவார். சூட்டில் விரல் தோல் உரிந்து ரத்தம் வந்தது. உள்ளே அவர் மனைவி கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு, எங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதுபோல் சத்தமில்லாமல் வலியைத் தாங்கினார். போனில் சிக்னல் இல்லை. இரண்டு வாகனங்கள் மூட்டத்துக்குள் எங்களைக் காணாமலே போய்விட்டன.

எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது. ஒரு லொறி நின்றது. சாரதி ஒரு சிங்களவர். எதுவும் கேட்கவில்லை; முன் சீட்டிலிருந்த சாக்குகளைத் தூக்கிப் பின்னால் எறிந்துவிட்டு, “யமு, யமு நங்கி”, போவோம் தங்கச்சி, என்று அவசரப்படுத்தினார். அவர்கள் போய்விட்டார்கள். நான் காரோடு நின்றேன். முன்னால் கட்டியிருந்த செவ்வந்தி மாலை ஆவியில் வெந்து கறுத்துத் தொங்கியது.

பெண் பிள்ளை. மூச்சு இல்லாமல் பிறந்தது.

அரை மணி முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவர் டாக்டரிடம் கேட்டாராம். “சொல்ல ஏலாது” என்றாராம் டாக்டர். இதை அவர் என்னிடம் சொன்னபோது டாக்டர்மேல் கோபமே இல்லை. “அவரு பாத்துத்தான் சொல்றாரு டீச்சர். தெரியாதத தெரியும்னு சொல்லல” என்றார். எனக்கு அன்றைக்குத்தான் அந்தக் குணத்தைப் பார்த்துப் பயம் வந்தது. எல்லாவற்றையும் பார்த்துத் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய மனிதருக்கு, பார்க்கவே முடியாத ஒன்று மாட்டிவிட்டது.

பிள்ளையைத் தோட்டத்து மயானத்தில், டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே அடக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. கையில் ஒரு சைக்கிள் கம்பியும் சாமான் பையும்.

“எதுக்குண்ணே இப்ப?”

“பாக்கணும் டீச்சர்.”

கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டிருந்த காரின் முதல் பிளக்கைக் கழற்றினார். ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். கம்பி ஏறி ஏறி, ஓரிடத்தில் நின்று, இறங்கத் தொடங்கியது. மறுபடியும் பின்னால் சுற்றி அந்த உச்சியைப் பிடித்தார். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது புல்லியிலிருக்கிற மார்க்கும் அதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பெருவிரல் அகலம் பின்னால் நின்றது.

பிறகு என்னிடம் திருநீறு கேட்டார். எதற்கென்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்து, புல்லியின் நடுவிலிருந்து விளிம்புவரை நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டார். காயவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னார். நிறுத்தியபின் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு இரண்டாக உடைந்திருந்தது. பாதி உள்ளே ஓரிடத்தில், பாதி வெளியே ஓரிடத்தில்.

“பாத்தா ஒரே இரும்பு மாதிரிதான் இருக்கும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நடுவுல ரப்பர். எஞ்சினோட நடுக்கத்த அதுதான் வாங்கும். ரப்பர் விட்டுப்போயி வெளிவட்டம் தனியா வழுக்கியிருக்கு. மார்க் வெளிவட்டத்துலதானே இருக்கு. அதான் நடுக்கம், அதான் சத்தம். மார்க் சொன்னது அத்தனையும் பொய். நான் பாக்கல டீச்சர்.”

“அண்ணே, நான்தானே அன்னைக்கி...”

“நீங்க மெக்கானிக் இல்லீங்க. மெக்கானிக் நான்.”

அதற்குமேல் பேசவிடவில்லை. என்னால் தாங்க முடியாமல், காரால் ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளைக்கு அவ்வளவுதான் விதி என்று சொன்னேன். அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, “அத பாத்தீங்களா டீச்சர்?” என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே, நான் எங்காவது பார்த்திருந்தால் தனக்கும் சொல்ல மாட்டேனா என்று கேட்டார்.

அன்று போகும்போது பையில் போட்ட சாமான்களிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து அது அங்கேதான்.

வேறொரு புல்லி தேடிப் போட்டார். ஆனாலும் வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வருவார். சைக்கிள் கம்பியை விட்டுப் பார்ப்பார். திருநீற்றுக் கோடு போட்டு ஓடவிட்டுப் பார்ப்பார். கோடு நேராகவே இருக்கும். “சரியா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பதினான்கு வருஷம் வந்தார். ரோட்டில் எந்த வண்டி பானெட் திறந்து நின்றாலும் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவார். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கு வட்டவளையில் யாருடைய வேனையோ பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தியும் முடிந்துவிட்டது. கரி பூசிய கையோடு மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னாராம். ஊர் அதையும் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அவர் மனைவி பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போகும் வழியில் என் வீட்டில் கீரை கொடுப்பார், மரவள்ளிக்கிழங்கு கொடுப்பார், “டீச்சர் மெலிஞ்சு போயிட்டீங்க” என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கிழங்கு எப்படி வேகும் என்று ஏதாவது கேட்டுவைப்பேன். பிள்ளைகளுக்கு ‘உண்மை பேசு’ என்று கரும்பலகையில் எழுதிக் கொடுக்கிற கைதான் இது. வெட்கக்கேடு.

இந்த வருஷம் மாசியில், ஒரு வேனின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டிக்கு என்ன வருத்தம் என்று வேன்காரர் கேட்டதற்கு, அவர் கடைசியாகச் சொன்னதும் அந்த இரண்டு சொல்தானாம்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் வந்தது. நான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர மாட்டார் என்று தெரியாதா என்ன? பத்து மணிக்கு அவர் மனைவி படியேறி வந்தார். முந்தானையை அவிழ்த்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தார். அவருடைய சட்டைப்பை. ஸ்பேனரோடு அப்படியே.

“சட்டைய அவரோட அனுப்பிட்டேன் டீச்சர். பைய மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். இது ஒங்க வண்டியில இருக்கட்டும். பூசையில வச்சுறாதீங்க.”

வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. அவர் போகாமல் நின்றார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு இருக்கையில சொல்ல ஏலாம போச்சு. அன்னைக்கி காலைல அவருகிட்ட நான்தான் அழுது அடம் புடிச்சேன். நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஆயுதத்த வச்சுருங்க, பிள்ள பொறக்கப்போற வீடு, சாமி குத்தம் வந்துறக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அதுனாலதான் ஒங்க வண்டிய பாக்காம குடுத்துட்டாரு. நீங்க ஒங்க வண்டியாலதான்னு நெனச்சுக்கிட்டு இத்தன வருசமா என் மொகத்த நேரா பாக்குறதில்ல. எனக்குத் தெரியும் டீச்சர். நான்தான் செஞ்சேன்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். பத்து மணிக்கு வந்ததை, எரிச்சல் பட்டதை, ஒரு மணித்தியாலம் கேட்டவரிடம் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், டிக்கியிலிருந்து எடுத்த ஸ்பேனரையும் சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“ஒங்களப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே” என்றார்.

“ஒங்களப் பத்தி எங்கிட்டயும் சொல்லலம்மா.”

“‘நான் பாக்கல’ன்னு மட்டுந்தான் சொல்லுவாரு.” அவிழ்த்த முந்தானை நுனியை மறுபடியும் முடிந்துகொண்டார். “பிள்ளய நான் பாக்கல டீச்சர். எனக்கு நெனவு இல்ல. அவரு பாத்தாரு. நல்லா பாத்திருக்காரு. காது எப்படி, நகம் எப்படி, கன்னத்துல குழி விழுகுற எடம் எதுன்னு வருசா வருசம் அந்த நாள்ல எனக்குச் சொல்லுவாரு. இந்த வருசம் சொல்ல ஆளில்ல.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தெடுத்துக் கறுத்துப்போன விரல்கள்.

அவர் எழுந்து காருக்குப் போனார். பதினைந்து வருஷத்தில் அந்தக் காரில் அவர் ஏறியதே இல்லை; எத்தனை மழையில் கூப்பிட்டாலும் நடந்தே போவார். பின் கதவைத் திறந்து, அன்றைக்குப் படுத்திருந்த சீட்டில் உட்கார்ந்தார்.

“ஒரு தரம் அந்த மேட்டுல ஏத்திக் காட்டுங்க டீச்சர். ஆஸ்பத்திரி வரைக்கும். பஸ்ஸுல போறப்ப அந்த வளைவு வந்தா கண்ண மூடிக்குவேன். இன்னைக்கி பாக்கணும்.”

ஸ்பேனரைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு காரை எடுத்தேன். இரண்டாவது வளைவு வந்தது. கார் முனகாமல் ஏறியது. மூன்றாவது வளைவில், அன்று நின்ற இடத்தில், பனிமூட்டம் இல்லை. தேயிலை வெயிலில் கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துவைத்திருந்தார். சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. ஹட்டன் டவுனைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் இறங்கவில்லை. வாசலையும், உள்ளே போகிற பாதையையும், படிக்கட்டையும் நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு நேரந்தானா டீச்சர்?”